விழாத எலி

மருந்து கொடுக்காத எலி, சுழலும் தண்டிலிருந்து விழவேயில்லை. சுவர்ணா கட்டிமனி வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தார்வாடில் அந்த ஆய்வுக்கூடத்தின் எலிகளுக்கெல்லாம் பார்க்கின்சன் நோய் தரும் மனித மரபணு ஏற்றப்பட்டிருந்தது. கால் தடுமாறி விழுந்தாக வேண்டும். புது மருந்து குடித்தவை மட்டும் பெரும்பாலும் விழாமல் ஓடின. அதை நம்பித்தான், நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று முடிவு செய்ய ஹூப்ளி மருத்துவர்கள் மறுநாள் வருவதாக இருந்தது.

சுவர்ணா எல்லா எலிகளின் காதிலிருந்தும் துணுக்கு எடுத்து மரபணுச் சோதனை வைத்தாள். மருத்துவர்கள் வந்து மேல்மாடியில் அமர்ந்த பிறகே முடிவு தெரிந்தது. மரபணு இருந்தால் புற ஊதா விளக்கில் ஒரு கோடு ஒளிர வேண்டும். மருந்து குடித்த எலிகளில் முக்கால்வாசிக்கு அந்தக் கோடே இல்லை.

அந்தக் கோடுகளின் படமும் கையுமாக ஓடினாள். ஆய்வுக்கூடத் தலைவர் இனாம்தார் படியேறிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, இந்த நேரத்துல?”

“நம்ம மருந்தைக் குடிச்ச எலிங்களுக்கு நோயே கிடையாது சார். எப்பவோ சாதா எலி கலந்து குட்டி போட்டிருக்கு. குட்டிங்களை ஒண்ணொண்ணா சோதிக்க வேணாம்னு விட்டுட்டோமே.”

“சோதனையில தப்பு இருக்கும். திரும்பப் போடு.”

“போட்டுட்டேன் சார்.”

“அப்ப நாளைக்குப் பேசலாம். இப்ப வாயைத் திறக்காதே.”

“நீங்க சொல்லலைன்னா நான் உள்ள வந்து சொல்லுவேன்.” சொல்லிவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “கஸ்தூரிக்குத் தீபாவளியில இருந்து அந்த மருந்தைத்தான் கொடுக்கறேன். நடுக்கம் குறைஞ்சிருக்குன்னு அவளே சொல்றா.”

அவர் மனைவிக்கு அந்த நோய் இருப்பது சுவர்ணாவுக்குத் தெரியும். இது தெரியாது. கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. மேலே கதவைத் திறந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். படத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

உள்ளே எல்லாவற்றையும் சொன்னார். குட்டிகளைச் சோதிக்காமல் விட்டது தன் முடிவு என்றும் சொன்னார். மருத்துவர்கள் எழுந்து போனார்கள். மனைவி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

“வீட்டுக்குக் கூட வா. தனியா சொல்ல என்னால ஆகாது,” என்றார் சுவர்ணாவிடம்.

கஸ்தூரி முழுவதும் கேட்டுக்கொண்டாள். மடியில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல் ஆடிக்கொண்டேயிருந்தன.

“அப்ப நிறுத்திடலாமா? அப்பாடா. அதைக் குடிச்சாலே குமட்டிக்கிட்டு வருது.”

“குறைஞ்சிருக்குன்னு சொன்னியே?”

“காலையில எழுந்ததும் என் கையையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க. வேற என்னத்தைச் சொல்ல?”

இனாம்தார் அவள் கையைப் பார்த்தார். சுவர்ணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவரே மனைவிக்கு மருந்து கொடுத்த தன் தவறை ஆய்வு நெறிக்குழுவிடம் எழுதிக் கொடுத்துத் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். ஒவ்வொரு குட்டியையும் சோதித்துச் சுவர்ணா ஆய்வைப் புதிதாக நடத்தினாள். மருந்து குடித்தவையும் குடிக்காதவையும் ஒன்றுபோலவே விழுந்தன.