நீல வாளி

வெறும் சுவரைப் படம் பிடிப்பதற்கு ஒரு பெண்ணுக்கு வீடு கொடுத்து, சோறு போட்டு, கைச்செலவுக்கும் கொடுப்பார்கள் என்பதை என் மனைவி பிரேமாவதி நம்பவில்லை. உள்ளதைச் சொன்னால் நானும்தான் நம்பவில்லை. ஆனால் நான் நம்பாமல் சிரித்துவிட்டுப் போகிற ஆள். அவள் நம்பாமல் தூக்கம் கெடுகிறவள். மீன்காரன் தராசை எத்தனை தடவை பார்த்தாலும் அவளுக்குத் திருப்தி வராது. மழை இல்லை என்று ரேடியோவில் சொன்னால் உடனே போய்க் கொடியிலிருக்கும் துணியை எடுத்துவிடுவாள்.

கரங்கான் ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் தோட்டம் கைமாறி வெகு நாளாகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது அதையும் வெட்டி வீடு கட்டப்போகிறார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மிஞ்சியது ஆறு குடும்பம். வாங்கிய நிறுவனத்தோடு பேசிப் பேசி, குடியிருக்கும் இடத்தை எங்களுக்கே விட வைத்தோம். அவர்களுடைய அதிகாரியும் நாங்களுமாக நடந்து, மூலைக்கு மூலை சிவப்புச் சாயம் அடித்த கட்டைகளை நட்டோம். அளவைக்காரர் வந்து அந்தக் கட்டைகளை வைத்து அளப்பார். உள்ளே இருப்பது எங்களுக்கு, வெளியே இருப்பது புதுச் சாலைக்கு. எங்கள் வீடு வரிசையில் கடைசி. எங்கள் கட்டை ரம்புத்தான் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது.

எங்களுக்காகப் பேசியவன் பக்கத்து வீட்டுச் சுகுமாரன், குடியிருப்பாளர் குழுத் தலைவன். தோட்டப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கூலிம் ஹைடெக் பூங்காவுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் வேனை நான் ஓட்டுகிறேன். அவனும் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறான். வேனின் முன் சீட் அவனுடையது. வேறு யாரும் அதில் ஏறமாட்டார்கள்.

ஒருமுறை அவனும் நிறுவனத்து அதிகாரியும் கரங்கான் கடையில் ஒன்றாகத் தேநீர் குடித்ததைப் பார்த்துவிட்டு வந்து, இது எனக்குச் சரியாகப் படவில்லை என்றாள் பிரேமா. என் அப்பாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவனைப் பற்றி இந்த வீட்டில் இப்படிப் பேசக்கூடாது என்று கத்தினேன். அவளுடைய சந்தேகங்களில் நான் கோபப்பட்டு அடக்கியது அந்த ஒன்றைத்தான்.

பழைய மேனேஜர் பங்களாவை ஓர் அறக்கட்டளை எடுத்துப் புதுப்பித்திருந்தது. ஓவியர்கள், சிற்பிகள் என்று யாராவது வந்து சில வாரம் தங்குவார்கள். கடைசியில், செய்ததை ஊருக்குக் காட்டிவிட்டுப் போவார்கள். ரெசிடென்சி என்று பெயர். அங்கே மத்தியானச் சமையல் வேலை பிரேமாவுக்குக் கிடைத்தது. அப்படித்தான் ஈமானைத் தெரியும். சுங்கைப்பட்டாணியில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவரின் மகள். வீடியோதான் அவளுடைய கலையாம். கதை கிடையாது, பாட்டு கிடையாது, நடிக்க ஆள் கிடையாது. காலையில் வந்து எங்கள் வீட்டுக்கு எதிரே, ரப்பர்ப் பால் எடை போட்ட பழைய கொட்டகையின் சுவரைப் பார்த்துக் கேமராவை நிறுத்துவாள். மேலே ஒரு குடையைக் கட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வாள். சாப்பிடப் போகும்போதும் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தப் படத்தில் என்னதான் வரும் என்று பிரேமா கேட்டுவிட்டாள்.

"எனக்கே இன்னும் தெரியாதுக்கா. அத கண்டுபிடிக்கத்தான் இங்க இருக்க விட்டிருக்காங்க."

அன்று சாயங்காலம் முழுக்க இதே பேச்சு. தனக்கே தெரியாத வேலைக்கு எவன் டுவிட் கொடுப்பான், காசு மரத்திலா காய்க்கிறது? சுவரைப் பிடிக்க கோலாலம்பூரில் சுவரா இல்லை? கேமரா சுவரைப் பார்க்கிற மாதிரி இருக்கிறதே தவிர, அதன் ஓரக்கண் நம் வீட்டின் மேல் இருக்கிறது. கேமராவுக்கு ஏது ஓரக்கண் என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

சுகுமாரனும் சிரிக்கவில்லை. எங்கள் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னான், அந்தப் பெண்ணை நிறுவனம் அனுப்பியிருக்கலாம் என்று. பகலில் இந்த லயத்தில் ஆள் நடமாட்டமே இல்லை என்று படத்தைக் காட்டி நம்மைக் கிளப்பத்தான் இந்த ஏற்பாடு, அவள் சாப்பிடப் போகும் நேரத்தில் எதையாவது போட்டு மூடிவிடுங்கள், ஒன்றும் பதியாது என்றான். தன் சந்தேகத்துக்கு முதல்முறையாக ஒரு துணை கிடைத்ததில் பிரேமாவின் முகம் மலர்ந்துபோனது.

செவ்வாய்க்கிழமை பங்களாவில் சமையலை முடித்து, ஈமானுக்குத் தட்டை வைத்துவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்து, துணி அலசும் நீல வாளியை எடுத்துக் கேமராவின் தலையில் கவிழ்த்தாள். பிறகு ஒன்றும் தெரியாதவள் மாதிரி பங்களாவுக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள். ஈமான் திரும்புவதற்கு முன்னால் ஓடிவந்து வாளியை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறாள். ரம்புத்தான் மரத்துக்கு அந்தப் பக்கம் கட்டை இல்லை. எங்கள் வீட்டுக்கும் சுகுமாரன் வீட்டுக்கும் நடுவில் நின்றது.

நான் வேனை நிறுத்தும்போது அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீடு மொத்தமும் எல்லைக்கு வெளியே, புதுச் சாலையில் கிடந்தது. கோபத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. இந்த வயதில் எங்கே போவது என்ற பயம்.

சுகுமாரன் தலையில் கைவைத்துக்கொண்டான். அன்று லீவு போட்டுக் குருண் வரை போயிருந்தானாம். அந்தப் பெண் காலையில் யாருக்கோ இடத்தைக் காட்டிக்கொண்டிருந்ததைப் போகும்போது பார்த்தானாம். என் எதிரிலேயே நிறுவனத்து அதிகாரிக்குப் போன் போட்டான். கட்டைகளைக் காப்பது உங்கள் குழுவின் பொறுப்பு, எங்கள் ஆட்கள் தொடவில்லை, கட்டை எங்கே நிற்கிறதோ அங்கேதான் திங்கட்கிழமை அளப்பார்கள், மாற்றியதை யார் பார்த்தது என்று அவர் கேட்டார்.

யாரும் பார்க்கவில்லை. ஓரக்கண்ணாலாவது பார்த்திருக்கக்கூடிய ஒன்றின் தலையில் பிரேமா வாளியைக் கவிழ்த்திருந்தாள். அதை என்னிடம் சொல்லி அழுதாள். அழுது முடித்ததும் ஈமான்மேல் இன்னும் கோபமானாள். கட்டையை மாற்றியவளே அவள்தான், இல்லையென்றால் வாளி இருந்த நேரத்தில் என்று பார்த்து எப்படி நடக்கும் என்றாள். அந்தக் கேள்வி சரியான கேள்விதான். அதைத் தவறான வாசலில் போய்க் கேட்டோம்.

மறுநாளிலிருந்து அவள் சமைக்கப் போகவில்லை. வியாழக்கிழமை ஈமானே வீட்டுக்கு வந்தாள். பிரேமா கம்பிக் கதவைத் திறக்காமல் நின்று பேசினாள். உள்ளே வந்து ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்றாள் அந்தப் பெண். அங்கிருந்தே சொல் என்றாள் இவள். ஈமான் பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, நாளைக்குப் படம் காட்டுகிறேன், ஆறு வீட்டிலிருந்தும் எல்லோரும் கட்டாயம் வரவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அதற்கும் பிரேமா ஒரு கணக்குப் போட்டாள். எல்லோரையும் அங்கே உட்கார வைத்துவிட்டு இங்கே மற்ற கட்டைகளைப் பிடுங்கப் போகிறார்கள். நான்தான் கட்டாயப்படுத்தினேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆறு வீட்டாரையும் என் வேனிலேயே ஏற்றினேன். முன் சீட்டில் சுகுமாரன். பின்னால் அவனுடைய மச்சான் தேவன்.

பங்களாவின் முன்வாசல் வழியாக நாங்கள் ஒருவரும் அதுவரை போனதில்லை. உள்ளே திரைச்சீலைகளை இழுத்துவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்தவர்கள் நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கையில் ஆளுக்கொரு கறிபாப் பலகாரம் கொடுத்தார்கள்.

படம் ஓடியது. ஓடியது என்று எப்படிச் சொல்வது, சுவர் அப்படியே நின்றது. ஒரு பல்லி வந்தது, போனது. நிழல் கொஞ்சம் நகர்ந்தது. சுகுமாரன் என் காதில், நடராஜா, இதுக்கா காசு கொடுக்கறானுங்க என்றான். நான் சிரித்தேன்.

அப்போது திரையில் டொக்கென்று ஒரு சத்தம். சுவர் போய் முழுக்க நீலமானது. வெயில் ஊடுருவிய வாளியின் உட்பக்கம். பிரேமாவின் விரல்கள் என் கையில் அழுந்தின. "இப்ப பாரு, நீ எத பாக்கறேன்னு நானும் பாக்கறேன்" என்று அவளே முணுமுணுப்பது கூடம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. வெகுநேரம் நீலம், நாய்க்குரைப்பு, தூரத்தில் ரம்பம். வாளி கண்ணைத்தான் மூடியிருந்தது. காதும் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மண்ணை இடிக்கும் சத்தம். தேவனின் குரல்.

"மச்சான், நடராஜா அண்ணன் கேட்டா?"

"அவனா? நான் சொன்னா நம்பிருவான் லா. ஆழமா அடி. நம்ம வீடு இனிமே கார்னர் லாட்."

கார்னர் லாட் என்றால் புதுச் சாலையை ஒட்டிய மூலை மனை, விலை கூடும். கட்டையை அடிக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. கறிபாப்பை மெல்லும் சத்தம் நின்றுபோனது மட்டும் தெரிந்தது. எனக்கு வீட்டின் நினைப்பே அப்போது வரவில்லை. "அவனா?" என்று அவன் கேட்ட அந்த விதம்தான் காதிலேயே நின்றது.

விளக்கைப் போட்டதும் நல்ல சட்டைக்காரர்கள் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து அந்த நீலத்தைப் பற்றி நீளமாக ஒரு கேள்வி கேட்டார். அது என்னுடையது இல்லை, பிரேமா அக்காவின் வாளி என்றாள் ஈமான். பிறகு எங்கள் பக்கம் வந்தாள்.

"யார் குரல்னு எனக்குத் தெரியலக்கா. உங்க வீட்டு விஷயம்னு மட்டும் புரிஞ்சது. சொல்லத்தான் வந்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேக்குமோன்னு பயம். நீங்க கதவத் திறக்கல."

பிரேமா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. எல்லோரும் வேனைச் சுற்றி நின்றார்கள். யாரும் ஏறவில்லை. சுகுமாரன் முன் கதவருகே வழக்கமான இடத்தில் நின்று, நடராஜா, நான் சொல்றத கேளு என்றான். நாற்பது வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த குரல். அப்போதும் ஒரு கணம் கேட்டுவிடலாமா என்றுதான் இருந்தது. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

"பின்னால ஏறு" என்றேன்.

லயத்துக்கு வந்ததும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்ற வீட்டார் சும்மா நின்ற விதத்திலேயே அவனுக்குப் புரிந்தது. கட்டையைப் பிடுங்கி ரம்புத்தான் மரத்தைத் தாண்டி நடந்தான். பழைய குழி அங்கேயே இருந்தது. தேவன் சுத்தியலை எடுத்துக் கொடுத்தான். அப்போது பிரேமா, எங்களோடு வேனில் வந்திருந்த ஈமானைக் கூப்பிட்டாள்.

"கேமராவ இங்க வை, ஈமான். இப்ப மூட மாட்டேன்."

ஈமான் கேமராவை நிறுத்தினாள். சுகுமாரன் குனிந்து அடித்தான். ஆழமாக அடி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனாகவே அடித்தான். ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அளவைக்காரர் வந்து, கட்டை நின்ற இடத்தில் அளந்துவிட்டுப் போனார். வீடு உள்ளே இருக்கிறது. வேனின் முன் சீட் காலியாக இருக்கிறது. காலையில் வண்டியை எடுக்கும்போது, அவன் ஏறட்டும் என்று கை இன்னமும் தானாகப் போய் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது.