தெருவில் கிடந்த மிட்டாய்கள்

இலையுதிர்காலத் திருவிழா ஊர்வலத்தில் நீதிபதி ஆரின் கெல்லர்மன் வீசிய மிட்டாய்களை அந்த ஆண்டு ஒரு குழந்தையும் பொறுக்கவில்லை. திறந்த காரை ஓட்டியவன் நான்; எங்கள் ஊரில் நீதிபதியையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், அந்தத் தேர்தல் வரும் ஆண்டுகளில் அது என் வேலை. முன்பெல்லாம் குழந்தைகள் சக்கரத்தருகே பாய்ந்து காரை நகரவிட மாட்டார்கள். இம்முறை தாய்மார்கள் பிள்ளைகளின் தோள்களைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். பின்னால் வந்த முரசொலியையும் மீறி, பட்டர்ஸ்காட்ச் மிட்டாய்கள் தார்ச்சாலையில் தெறிக்கும் ஓசை எனக்குக் கேட்டது.

பெட்ரோல் நிலையம் நடத்திய ராய் பெண்டரைக் கொன்றதாக டஸ்டின் ஹாப்ஸ் கைதாகியிருந்தான். அவனது வாக்குமூலத்தைத் தவிர வலுவான சான்று ஏதுமில்லை. அந்த வாரம் நடந்த விசாரணையில் ஆரின், அவனைக் கைது செய்த காவல் தலைவரான ஷெரீஃபிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வக்கீல் வேணும்னு அவன் சொன்னப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க?"

ஷெரீஃப் தொப்பியை மடியில் சுழற்றியபடி, தொடர்ந்து விசாரித்ததாகச் சொன்னார். அப்படிப் பெற்ற வாக்குமூலம் சட்டப்படி செல்லாது. அதை ஏற்பதா தள்ளுவதா என்ற முடிவை ஆரின் திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்தார். ஆனால் ஊர் அந்தக் கேள்வியையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டது. மூன்று தேர்தல்களில் போட்டியின்றி வென்ற ஆரினை இம்முறை எதிர்த்து நின்ற பிராடி ஸ்டோக்ஸை அதுவரை யாரும் பொருட்படுத்தவில்லை. மறுநாள் காலை ஸ்டோக்ஸுக்கு ஓட்டுக் கேட்கும் பலகைகள் எங்கள் தெருப் புல்வெளிகளில் முளைத்திருந்தன.

ஆடுகள் ஓட்டுப் போட்டுக் காவல் நாயைத் தேர்ந்தெடுத்த கதை ஒன்றை வகுப்பில் நான் சொல்வதுண்டு. நாய் நன்றாகத்தான் காவல் காத்தது. தேர்தல் நெருங்கியதும், குரைப்பதற்கு முன் ஆடுகளின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியது. அதற்கு மேல் அந்தக் கதையை நான் நீட்டியதில்லை. ஆரினுக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

ஊர்வலம் தீவனக் கடையைத் தாண்டும்போது அதன் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஜட்ஜ் ஐயா, மிச்ச மிட்டாய ஹாப்ஸ் பயலுக்கு எடுத்து வைங்க. ஜெயில்ல பசிக்கும்ல? அட, மறந்துட்டேன், அவன்தான் வெளிய வரப் போறானே." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நெடுநேரம் எங்களோடு வந்தது.

"மெதுவாவே போங்க வாத்தியாரே," என்றார் ஆரின். "ஓடிப் போறோம்னு நினைச்சிடுவாங்க."

தானியக் கிடங்குத் திருப்பத்தில் ஒரே ஒருத்தி குனிந்து ஒரு மிட்டாயை எடுத்தாள். டஸ்டினின் தாய் வெர்னா. அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, நன்றி சொல்வதைப் போலத் தலையசைத்தாள். அவளைச் சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். ஆரின் அதன்பின் மிட்டாய்ப் பைக்குள் கையை விடவில்லை.

ஞாயிறு காலை ஆரினின் மனைவி லொரெய்ன் என்னை அழைத்தாள். அவர்கள் வீட்டு வாசற்படியில் அந்த மிட்டாய்கள் எல்லாம் குவிந்து கிடந்தன. காரேறி நசுங்கியவற்றைக்கூட விடாமல் யாரோ பொறுக்கிக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

"தூசியத் துடைச்சு வச்சிருக்காங்க, வாத்தியாரே," என்றார் ஆரின். அதுதான் அவரை அச்சுறுத்தியது என்று நினைக்கிறேன். அந்தப் பொறுமை.

லொரெய்ன் துடைப்பத்தோடு நின்றாள். "தீர்ப்புல நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு எனக்குச் சொல்ல வேணாம். ஆனா இந்த ஊர்லதான் நாம சாகுற வரைக்கும் இருக்கணும்."

திங்கட்கிழமை நீதிமன்றம் நிரம்பி வழிந்தது; பலர் நின்றுகொண்டிருந்தார்கள். ராய் பெண்டரின் மகள்கள் முன்வரிசையில் கைகோத்திருந்தார்கள். ஸ்டோக்ஸ் கடைசி வரிசையில், கால்மேல் கால் போட்டு. சுவரோரம் ஷெரீஃபின் ஆட்கள். வெர்னாவின் இருபுறமும் இருக்கைகள் காலியாக இருந்தன. நின்றவர்கள்கூட அங்கே உட்காரவில்லை.

ஆரின் கோப்பைத் திறந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வாசிப்பதற்கு முன் தலை நிமிர்ந்து, வரிசை வரிசையாக எங்கள் முகங்களைப் பார்த்தார்.

அந்த அமைதியில் மிட்டாய்த் தாள் பிரியும் மெல்லிய சரசரப்புக் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. வெர்னா ஹாப்ஸ் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, நீதிபதியையே பார்த்தபடி, மெதுவாகச் சப்பத் தொடங்கினாள்.