கையை எடுத்துட்டுப் பேசு

அவள் குரலுக்கு ஊரே மயங்கும். குடிநீர் நிறுவனத்தின் புகார் அறையில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. குழாய் உடைந்து கொதித்துப்போய்க் கூப்பிடுகிறவர்கள்கூட அவளிடம் கொஞ்ச நேரம் பேசினால் தணிந்து, "பரவால்லம்மா, மெதுவாவே ஆள் அனுப்புங்க" என்பார்கள். முகம் காட்ட வேண்டாத வேலை என்பதற்காகவே தேடிப் பிடித்தது அது.

காரணம், முன்பற்கள். சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீர் மேல்வரிசையில் பழுப்புத் திட்டுகளை விட்டுப்போயிருந்தது. போதாக்குறைக்கு நடுப்பல் ஒன்றின் முனை வேறு உடைந்திருந்தது. தேய்த்தால் போகிற கறை இல்லை. பள்ளியில் ஒருத்தி, "நீ பல்லே விளக்க மாட்டியா?" என்று கேட்ட நாளில் வாயை மூடிய கை, அப்புறம் இறங்கவே இல்லை. பேசினாலும் கை, சிரித்தாலும் கை. அலுவலகத்தில் அவளுக்குக் 'கைக்குட்டை' என்றே பெயர் விழுந்துவிட்டது. கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை காதுவரை சிரித்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் இவள் பரீட்சை எழுத வந்தவள் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள்.

கணவன் பஸ் ஓட்டுநர். ரோட்டைப் பார்த்துப் பார்த்து, வீட்டிலும் நேரே மட்டும் பார்க்கிறவன். அவன் இதையெல்லாம் கண்டுகொண்டதில்லை. வினை மாமியார் வழியாக வந்தது.

மாமியார் தறி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில் இரைச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் அவர்கள். அந்த இரைச்சல் கடைசியில் அவர் காதையே தின்றுவிட்டது. காதில் மாட்டும் மெஷின் வாங்கிக் கொடுத்தால், தலைக்குள் குருவி கத்துகிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அது இல்லாமலே ஜன்னலில் நின்று, எதிர்வீட்டு மாடியில் நடக்கும் சண்டையை வரி பிசகாமல் சொல்வார். தனியாக இருந்தவர், முழங்கால் வலி வந்த பிறகு மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் கலகலப்பாகத்தான் இருந்தார். போகப்போக முகம் கடுகடுவென்று ஆனது. மருமகள் சாப்பிடக் கூப்பிட்டால் சுவரைப் பார்த்தார். ஒரு நாள் சாயங்காலம் மகனைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பொண்டாட்டி என்னைத் திட்டுறாடா."

"அவளா? அவ ஈ எறும்பைக்கூடத் திட்ட மாட்டாளேம்மா."

"அப்ப எதுக்கு எங்கிட்ட வந்தா வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுறா? நான் உதட்டைப் படிச்சிடுவேன்னுதானே?"

சமையலறை வாசலில் நின்றிருந்தவள் ஓரடி முன்னால் வந்தாள். "ஐயோ, அப்படியெல்லாம் இல்ல அத்தை" என்றாள், கைக்குப் பின்னாலிருந்து.

"பாத்தியா? இப்பவும் திட்டுறா."

கணவன் சிரித்துத் தொலைத்தான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நேரே போய் மாமியார் எதிரில் உட்கார்ந்தாள். கையை மடிக்கு இறக்கி, மறுபடி ஏறிவிடாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பல்லு அசிங்கமா இருக்கு அத்தை. அதான் மூடிக்கிறேன். உங்களை நான் திட்டவே இல்ல."

மாமியார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். எல்லாரும் சொல்கிற மாதிரி, 'அதெல்லாம் ஒண்ணும் தெரியல' என்று சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"ஆமா, கறையாத்தான் இருக்கு" என்றார் மாமியார். "சரி பண்ணிக்கிறதுதானே? எதுக்குப் பொத்திக்கிட்டுத் திரியுறே?"

"இந்த வயசுல அழகு கேக்குதான்னு நாலு பேரு சொல்ல மாட்டாங்களா?"

"எந்த நாலு பேரு? இங்க பாரு." வாய்க்குள் விரலை விட்டு மேல்வரிசைப் பல் மொத்தத்தையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

மகன் எழுந்தே நின்றுவிட்டான். "இது எப்பம்மா?"

"நீ எப்ப கேட்டே?" என்றது பொக்கை வாய்.

மாமியாரின் பல் டாக்டரிடமே போனார்கள். நாற்காலியில் சாய்ந்ததும் அவளுடைய கை தன்னால் வாய்க்குப் போனது. "கையை எடுத்தாதாம்மா நான் உள்ள போக முடியும்" என்றார் அந்த டாக்டரம்மா. விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, பல் உறுதியாக இருக்கிறது, கறை மேலோடுதான் என்றார். மேற்பரப்பை லேசாகத் தேய்த்து, பல் நிறத்திலேயே ஒரு பூச்சு வைத்து, நீல விளக்கால் இறுக்கினால் போதும். உடைந்த முனையையும் அதிலேயே கட்டிவிடலாம். நிறம் பார்க்க மாதிரிப் பற்களை நீட்டியபோது அவள் இருப்பதிலேயே வெள்ளையானதைத் தொட்டாள்.

"அது வேண்டாம். இருட்டுல சிரிச்சா டியூப்லைட்னு நினைப்பாங்க. உங்க கீழ்ப்பல்லுக்குப் பொருத்தமா வைக்கிறேன். கெட்டியானதைக் கடிக்காதீங்க. சில வருஷத்துல எங்கயாவது பேந்தா வாங்க, பூசிக்கலாம்."

வேலை முடிந்து கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். சினிமா நடிகையின் பல் ஒன்றும் இல்லை அது. சாதாரணப் பல். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற யாருக்கும் இருக்கிற மாதிரி. நாக்கால் அந்த முனையைத் தடவித் தடவிப் பார்த்தாள். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

பல் ஒரே நாளில் மாறிவிட்டது, கை மாறவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் பலமுறை வாய்க்கு ஏறியது. ஏறும்போதெல்லாம் மாமியார் பட்டென்று தட்டிவிட்டார். அலுவலகத்தில் யாரோ ஒரு வேடிக்கை சொல்ல, பாதி வழி போன கையை என்ன செய்வதென்று தெரியாமல் காதைச் சொறிந்தாள். எதிர் மேசைக்காரி உற்றுப் பார்த்து, "கைக்குட்டை, உனக்குக் கன்னத்துல குழி விழுமா?" என்றாள். அவளுக்கே அது தெரியாது. அந்த மாதக் கடைசியில் முன்பக்கக் கவுன்ட்டருக்கு ஆள் கேட்டபோது, எப்போதும் மறுத்துவந்தவள், "நான் போறேன் சார்" என்றாள்.

வீட்டில்தான் ஒரு புதுத் தொல்லை. உப்புக் குறைவு என்று மாமியார் தட்டைத் தள்ளிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சத்தமே இல்லாமல், "நாக்கே செத்துப்போச்சு, உப்பு மட்டும் தெரியுதாம்" என்று முணுமுணுத்தாள். மறைக்க இப்போது வாயின் மேல் கை இல்லை.

"யார் நாக்குடி செத்துப்போச்சு?"

மாட்டிக்கொண்டவள் பின்வாங்கவில்லை. "உங்க நாக்குதான் அத்தை." அப்புறம் நடந்தது முறையான சண்டை. அவள் ஒன்று சொல்ல அவர் இரண்டு சொல்ல, கணவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நழுவினான். திரும்பி வந்தபோது படிக்கட்டு வரை சிரிப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுச் சண்டையை மாமியார் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்து கிடந்தாள்.

"சண்டை முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"இல்லங்க, இடைவேளை" என்றாள் அவள், எல்லாப் பல்லும் தெரிய.