செந்தூவி ஒரு குழந்தையைக் கொல்ல வேண்டும்

1

இந்தக் கதை எனக்கு விருந்தாளியாகப் போன வீட்டில் கிடைத்தது. அதாவது, சாப்பிட்ட வீட்டிலேயே கதை எடுத்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

இரண்டாயிரமாவது ஆண்டு கோடையில் நியூ ஜெர்சியில் ஒரு தமிழ்ச் சங்கத்தார் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தங்க இடம் கொடுத்தவர் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் கன்சல்டிங் கம்பெனி நடத்தும் சேனாபதி. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். ஊரிலிருந்து கம்ப்யூட்டர் படித்த பையன்களை வரவழைத்து, அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்புவது அவர் தொழில்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மேகநாட்டில் விடிந்தபோது செந்தூவியின் முதுகில் சிறகு இல்லை.' அடித்துவிட்டேன். என் வாசகர் பஸ்ஸில் நின்றுகொண்டு படிப்பவர். மேகநாடு எங்கே இருக்கிறது என்று அவர் யோசிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

அடுத்தது: 'குத்புதீன் கடைசி ரீலைச் சுற்றி—' ரீலே கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரில் செய்த கார்ட்டூன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் அமெரிக்காவில் ஆளுக்கொரு வெப்சைட் ஆரம்பித்தார்கள். சேனாபதி தமிழ்க் குழந்தைகளுக்காக ஒன்று ஆரம்பித்தார். அதில் வாராவாரம் ஒரு மாயாஜாலக் கார்ட்டூன் தொடர். பெஞ்சில்* இருந்த பையன்களுக்கு அந்த வேலை. முகிலன் படம் போட்டான். கதை எழுதியவன் மேலப்பாளையத்துக் குத்புதீன்.

* ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் காத்திருப்பதற்குப் பெயர் பெஞ்ச். உட்கார அங்கே பெஞ்ச் எதுவும் இல்லை. தரையில் மெத்தைகள்தான்.

2

குத்புதீன் எழுதிய கதை இது. மேகநாட்டில் எல்லோருக்கும் சிறகு உண்டு. ராஜா நல்லவர். "காற்று பலமாக அடிக்கிறது, சிறகு கிழிந்துவிடும், என்னிடம் பத்திரமாக இருக்கட்டும்" என்று எல்லார் சிறகையும் வாங்கி அரண்மனைப் பெட்டகத்தில் வைத்துவிடுகிறார். திருப்பிக் கேட்டுக் கலகம் செய்கிறவன் செந்தூவி. அவன்தான் வில்லன்.

"வில்லனை எப்படிப்பா நம்பற மாதிரி எழுதறே?" என்று கேட்டேன். தொழில் ஆர்வம்.

"உலகத்தை ஆளணும்னு கேட்டா அது கார்ட்டூன் சார். பசங்க சிரிச்சிட்டு வேற சைட்டுக்குப் போயிருவாங்க. 'என் சிறகைக் குடு'ன்னு மட்டும் கேக்கணும். கேக்குறது எவ்வளவு சின்னதோ, ராஜாவுக்கு அவ்வளவு வேர்க்கும்."

"அப்ப ராஜா கெட்டவனா இருக்கணுமே?"

"ஐயையோ, கூடவே கூடாது. கெட்ட ராஜாவை யாரு வேணா எதிர்க்கலாம். இவரு தங்கமானவரா இருக்கணும். பசிக்குதுன்னா சோறு போடணும். அவர்கிட்ட போயி கேக்குறதுக்கே கூச்சமா இருக்கணும். அந்தக் கூச்சத்தையும் தாண்டி ஒருத்தன் கேக்குறான் பாருங்க, அவன்தான் சார் பயங்கரமான வில்லன்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. இருபத்தாறு வயதுப் பையனுக்கு இது எங்கே கிடைத்தது?

(வெள்ளிக்கிழமைதோறும் சேனாபதியின் மனைவி பவளம் ஆன்ட்டி கெஸ்ட் ஹவுஸுக்குப் பெரிய பாத்திரத்தில் சாம்பார் கொடுத்தனுப்புவார். குத்புதீனுக்காக ஹலால் கடை தேடிப் போய்க் கறி வாங்குவார். சேனாபதி வீட்டு மாடியில் ஒரு இரும்பு அலமாரி. அதில் கம்பெனிப் பையன்கள் அத்தனை பேருடைய பாஸ்போர்ட்டும். "தொலைச்சுப்போடுவீங்க கண்ணு, அங்கிள்கிட்டயே இருக்கட்டும்." முதலாளியாக இருந்தால் கேட்டிருப்பார்கள். அங்கிளிடம் எப்படிக் கேட்பது?)

3

சனிக்கிழமை சேனாபதி வீட்டு பேஸ்மென்ட்டில் புது எபிசோட் ஓடியது. சேனாபதியின் மகள் வான்மதிக்குப் பத்து வயது. அவளுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டுவார்கள். செந்தூவி அரண்மனை வாசலில் வந்து நின்றதும் அவள் சோபாவில் ஏறிக் குதித்துக் கைதட்டினாள்.

"வானு, அவன் வில்லன்மா."

"பட் ஹி ஜஸ்ட் வான்ட்ஸ் ஹிஸ் விங்ஸ், அப்பா! வொய் கான்ட் த கிங் கிவ் தெம் பேக்?"

சேனாபதி சிரித்தார். புரிந்து சிரித்தாரா, புரியாமல் சிரித்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஏந்தம்பி, இவன் ரொம்ப கன்வின்ஸிங்கா இருக்கறானே! கடைசி எபிசோட்ல ஒரு கொழந்தையக் கொல்லட்டும். கூட்டுக்குத் தீ வெக்கறான், உள்ளார ஒரு கொழந்தை. அப்பறம் பாரு, ஒருத்தி கைதட்ட மாட்டா."

"அவன் எதுக்கு அங்கிள் கொல்லணும்?"

"வில்லன் கண்ணு. வேறென்ன பண்ணுவான்?"

குத்புதீன் தலையை ஆட்டினான். பிறகு, கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டே, "அங்கிள், வர்ற இருபதாம் தேதி தங்கச்சிக்கு நிக்காஹ். வாப்பாவும் இல்ல, நான்தான் நிக்கணும். பாஸ்போர்ட் குடுத்தீங்கன்னா டிக்கெட் புக் பண்ணிருவேன்" என்றான்.

"அட, ஹபீஸாவுக்குக் கல்யாணமா! ஆன்ட்டிகிட்ட சொல்லி ஒரு பட்டு எடுத்துரலாம். எபிசோடை முடிச்சுக் குடுத்துட்டு வாங்கிக்க சாமி. அது எங்க ஓடியா போகப்போகுது?"

4

இதுவரை எழுதியதை ஊரில் பத்திரிகை ஆபீசுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். உதவி ஆசிரியர் மாரிசாமி போனில் வந்தார்.

"சார், குத்புதீன் ரொம்ப நல்லவனா இருக்கானே, நம்பவே முடியலை. ஏதாவது தப்பு பண்ண வைங்க. சின்னதா ஒரு நெருப்பு, கிருப்பு..."

உட்கார்ந்தேன். 'அன்று மாலை குத்புதீன் தீப்பெட்டியை எடுத்து—'

பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். முகிலன் கையில் தீப்பெட்டி கொடுத்திருந்தால் ஏன், எதற்கு என்று வாசகருக்கு நான் ஒரு பக்கம் விளக்க வேண்டியிருக்கும். இங்கே பெயரே பாதி வேலையை முடித்துவிட்டது.

கலகக்காரனின் கேள்விக்குப் பதில் இல்லாதபோது கதை எழுதுகிறவர்கள் அவன் கையில் ஒரு பிணத்தைக் கொடுத்துவிடுகிறோம். பார்க்கிறவர்கள் பிணத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேள்வி பின்வாசல் வழியாகப் போய்விடும். சிறகு யார் பெட்டகத்தில் இருக்கிறது என்று அப்புறம் ஒருவரும் கேட்பதில்லை. சேனாபதிக்கு இது தெரிந்திருக்கிறது. மாரிசாமிக்கும் தெரிந்திருக்கிறது. இந்தக் கதையில் குத்புதீனைத் தவிர எல்லோரும் இந்த வித்தை தெரிந்த கதாசிரியர்கள்!

நியாயமாக நீங்கள் என்னையும் சந்தேகப்பட வேண்டும். இதை நான் எழுத ஆரம்பித்தது சேனாபதி வீட்டு பேஸ்மென்ட்டில். வந்த அன்றைக்கே அவர், "எழுத்தாளர் சார், உங்க பாஸ்போர்ட்டையும் குடுங்க, பத்திரமா இருக்கட்டும்" என்றார். கொடுத்துவிட்டேன். ஆகவே அவரை நல்லவர் என்று நான் எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் இன்னொருமுறை படியுங்கள். அவர் நல்லவர்தான். ஆனாலும் படியுங்கள்.

5

முடிவுகள்.

குத்புதீன் குழந்தையைக் கொன்று எழுதிக்கொடுக்கிறான். பாஸ்போர்ட் வருகிறது, பட்டும் வருகிறது. வான்மதி அழுதுவிட்டு, அதன்பின் ராஜாவைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. (சுபம் போடலாம். கை வரவில்லை.)

அல்லது, எழுத மறுக்கிறான். மேலப்பாளையத்தில் நிக்காஹ் நடக்கிறது, அண்ணன் போனில்— (வேண்டாம். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுவார்.)

மூன்றாவது, பூட்டைத் தவிர மற்றதெல்லாம் நடந்த மாதிரியே. சேனாபதி பக்கத்து ஊரான எடிசனுக்கு மளிகை வாங்கப் போயிருக்கிறார். குத்புதீன் எபிசோட் எழுதாமல், வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து மாடி ஏறுகிறான். மாடியில் நான் மட்டும். எழுத்தாளனுக்கு ஒரு வசதி உண்டு, பூட்டைத் திறந்து வைத்துவிடலாம். திறந்து வைத்தேன். அலமாரிக் கதவு ஒரு சாண் விலகியிருக்கிறது. அவனுடையது மேலேயே தெரிகிறது.

"சார்," என்றான். கை இன்னும் நீளவில்லை. "என்னோடதை நான் எடுத்தா, அதுக்கு என்ன பேரு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கீழே சமையலறையிலிருந்து பவளம் ஆன்ட்டி, "எழுத்தாளர் சார், அடை ஆறிப்போகுதுங்க!" என்று கூப்பிட்டார்.

நான் இறங்கிப் போய்விட்டேன்.

அறையில் இப்போது அவனும் நீங்களும்தான். சேனாபதியின் கார் இன்னும் திரும்பவில்லை. அவன் உங்களைத்தான் கேட்கிறான்.