மெதுவாக இறக்குங்கள்

பிசியோதெரபிஸ்டுக்கே தோள்பட்டை போனால் ஊர் சிரிக்கும். என் ஊர் என்பது கிளினிக்கில் உடன் வேலை செய்யும் பெண் ஒருத்திதான். அவள் குறை வைக்காமல் சிரித்தாள்.

எலும்பு டாக்டர் என் வலது கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கிவிட்டு, "மெதுவா இறக்குங்க" என்றார். பாதியில் தொப்பென்று விழுந்தது.

"தசைநார் கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணிடலாம். ஆறு வாரம் கையைக் கழுத்தோட கட்டித் தொங்கவிடணும். வீட்டுல பாத்துக்க ஆள் இருக்காங்கல்ல?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். ஆபரேஷனைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

சோதிக்கும் ஆள் மாறினால் முடிவும் மாறலாம். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, நோயாளியிடம் மட்டும் மூச்சு விடமாட்டோம். அந்த ஓட்டை வழியாக நழுவப் பார்த்தேன்.

கிளினிக்குக்குத் திரும்பியதும் அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். "நீயும் ஒருதடவை பாரும்மா."

அவள் தூக்கினாள். எங்கே விழும் என்று எனக்குத்தான் தெரியுமே! பல்லைக் கடித்து, தோளைக் காதுவரை ஏற்றி, ராஜா மாதிரி இறக்கினேன்.

"விழலையே சார். டாக்டர் தப்பா பாத்துட்டாரோ?"

"பெரிய டாக்டர்னா அப்படித்தான்."

"அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது?"

"புழுக்கம்."

"ஏசிக்கு நேர் கீழ உக்காந்துக்கிட்டா?" மறுபடியும் கையைத் தூக்கினாள். "தளர விடுங்க சார். நான் பிடிச்சிருக்கேன்ல?"

தளரவில்லை. நாள் முழுக்க ஊரார் கையையும் காலையும் பிடித்து, 'என்கிட்ட விட்டுடுங்க' என்று சொல்கிறவன் நான். என் கையை யாராவது பிடித்து எத்தனை காலமாயிற்று? தன்னை இன்னொருவரிடம் விட்டுவிட அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்களே!"

குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, இடது கையின் கைவண்ணம். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் கை விழுந்தது. கீழே போகவில்லை, அவள் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் சிரிப்பதை நிறுத்தினோம்.

"வீட்டுல யாரு சார் இருக்கா?"

"டிவி இருக்கு. நல்லா பேசும்."

அவள் சிரிக்கவில்லை. கையைப் பதமாக என் மடியில் வைத்துவிட்டு, பட்டன்களைக் கழற்றி வரிசையாகப் போட்டாள். வாசலில் அடுத்த நோயாளி இருமினார். அவள் போனாள்.

இடது கையால் டாக்டருக்கு போன் போட்டேன்.

"டாக்டர், கிழிஞ்சுதான் இருக்கு. ஆபரேஷன் பண்ணிடுங்க. ஆனா வீட்டுல யாரும் இல்ல. அந்த ஆறு வாரமும் ஆஸ்பத்திரியிலேயே இருக்க முடியுமா?"