அடங்கிய எலிகள்

போடி ஏலக்காய் வியாபாரி ஏசுதாசன் மருந்துக் கம்பெனி ஆரம்பித்ததுகூடப் பெரிதில்லை. அதற்கு மூன்று அறிவியல் ஆலோசகர்களைப் பிடித்துப் போட்டாரே, அதுதான் வேடிக்கை. மலை மூலிகையில் தூக்க மாத்திரை செய்யும் கம்பெனி அது. தலைமை ஆலோசகர் சென்னைப் பேராசிரியர் முத்துராஜா. காலமெல்லாம் திராட்சைக் கொடியில் விழும் பூஞ்சையை ஆராய்ந்தவர். காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர்கள் கூப்பிட்டிருந்தால் உபயோகமாக இருந்திருப்பார். அடுத்தவர் வினோத்ராஜ், இதய மருத்துவர். மூன்றாமவர் பிரின்ஸ், பல் டாக்டர். மனிதனுக்குக் கொடுக்குமுன் ஒரு மருந்தை விலங்குகளிடம் எப்படிச் சோதிப்பது என்று மூவரில் ஒருவருக்கும் தெரியாது. பெயருக்குப் பின்னால் பட்டங்கள் மட்டும் ரயில் பெட்டி மாதிரி நீளும்.

அந்த வேலை தெரிந்த ஒரே ஆள் ஏசுதாசனின் அண்ணன் மகள் ஷீபா. கால்நடை மருத்துவம் படித்து, மருந்துச் சோதனையில் செத்த விலங்குகளை அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வதில் பழுத்தவள். அவளைக் குழுவில் சேர்க்கவில்லை.

"மேடையில பெரிய மனுசங்க இருக்கட்டும்த்தா. நீ எலியப் பாத்துக்க" என்றுவிட்டார் சித்தப்பா.

அன்று தேனியில் கல்யாண மண்டபம் பிடித்து அறிமுக விழா. முதல் மாத்திரையை மேடையில் விழுங்கப்போவது ஏசுதாசனின் மனைவி கிருபாவதி. பல மாதமாகச் சரியான தூக்கமில்லாதவர். ஷீபாவைத் தூக்கி வளர்த்த சித்தி.

காலையில் வடுகபட்டி ஆய்வுக்கூடத்துக்குப் போன ஷீபா, அதிக அளவு மருந்து கொடுத்த எலிகளின் கூண்டுகள் எல்லாம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள். குளிர்பெட்டியில் இருந்த செத்த எலிகளை எடுத்து அறுத்தாள். ஈரல்கள் வெந்தது போல வெளுத்திருந்தன. கையைக் கழுவிவிட்டு நேராக மண்டபத்துக்கு ஓடிவந்தாள். மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் ஆலோசகர்கள் மூவரும் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

"சித்தப்பா, சித்திக்கு அந்த மாத்திரையக் குடுக்காதீக. கூடுதலாக் குடுத்த எலிக பூராம் செத்துப்போச்சு."

ஏசுதாசன் பேராசிரியரைப் பார்த்தார். "எலி நல்லா அடங்கிருச்சுன்னு சொன்னீகளே சார்?"

"ஆமா. கர்ணன்தான் நேத்து ராத்திரி போன்ல சொன்னார், அதிக டோஸ் எலியெல்லாம் அடங்கிருச்சுன்னு. படபடப்பு அடங்கிடுச்சு. அற்புதமான பலன். அறிக்கையே எழுதிட்டேன்."

ஷீபாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கூண்டுகளைக் கவனிக்கும் கர்ணனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அடங்கிருச்சுன்னா மூச்சு அடங்கிருச்சுன்னுதானத்தா அர்த்தம்? நல்ல காரியம் நடக்கயில, அம்புட்டுப் பெரிய மனுசர்கிட்ட, செத்துருச்சுன்னா சொல்ல முடியும்?"

செத்த எலியைவிட அடங்கிய எலி உலகத்தில் உண்டா? அறிவியலுக்கென்று பிறந்த அந்த மேதை ஒரே ஒரு முறை பஸ் ஏறி வந்து கூண்டை எட்டிப் பார்த்திருக்கலாம். அப்போதும் பேராசிரியர் முகம் சுருங்கவில்லை. "எலி வேற, மனுஷன் வேற" என்றார்.

"அப்ப எதுக்கு சார் எலிக்குக் குடுத்தோம்? ஈரல் போயிருக்கே!"

"ஈரல் என் துறை இல்ல" என்றார் வினோத்ராஜ். "இதயம் எப்படி இருந்துச்சு?"

"நின்னுபோச்சு சார்."

பிரின்ஸ் மீசையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, பேராசிரியர் சொல்வதுதான் சரி என்று தலையாட்டினார்.

"மண்டபம் நெறைய ஆளுக உக்காந்திருக்காக. பாஸ்டர் ஜெபமும் பண்ணியாச்சு" என்றார் ஏசுதாசன். "ஒத்த மாத்திரதானத்தா. மூணு பெரிய டாக்டருக இருக்காகள்ல."

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனுஷனைக் கடிக்க வந்துவிட்டது. இனி இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று ஷீபா, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிருபாவதியிடம் போய்க் குனிந்தாள்.

"சித்தி, அத முழுங்காதீக. எலியெல்லாம் செத்துப்போச்சு. ஈரல நானே பாத்தேன்."

"ஒஞ் சித்தப்பாகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டுத்தான் வாரேன்."

"தெரிஞ்சுமா கூப்புடுறாக?"

மைக்கில் கிருபாவதியின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். ஷீபா பிடித்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, சித்தி மேடையேறினார்.

ஆலோசகர்கள் மூவரும் அதற்குள் மேடை நாற்காலிகளுக்கு வந்திருந்தார்கள். ஏசுதாசன் மாத்திரைப் புட்டியையும் தண்ணீரையும் தட்டில் வைத்து நீட்டினார். கிருபாவதி மைக்கைத்தான் வாங்கினார்.

"எனக்கு இதுல ஒன்னும் தெரியாதுங்க. தெரிஞ்சவுக மூணு பேரு இங்கன உக்காந்திருக்காக. அவுக ஆளுக்கொன்னு போடட்டும். பெறகு நான் போடுறேன்."

கூட்டம் கைதட்டியது. கிருபாவதி தானே போய் மூவரின் கையிலும் ஒவ்வொன்றாக வைத்தார். பந்திக்கு முந்தியவர்கள் படைக்குப் பிந்தினார்கள். வினோத்ராஜ் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். பிரின்ஸ், தான் உபவாசம் இருப்பதாகச் சொல்லிக் கையைக் கூப்பினார். ஏசுதாசன் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

கைதட்டல் நின்றுபோனது. அகப்பட்டுக்கொண்டவர் பேராசிரியர்தான். கிருபாவதி தண்ணீர் டம்ளரை அவரிடம் நீட்டினார். முத்துராஜா வாங்கி, மொத்த மண்டபமும் பார்த்திருக்க, கடைசிச் சொட்டு வரை தண்ணீரைக் குடித்தார். மாத்திரை மற்றொரு கையிலேயே இருந்தது.