நம்பி முறுக்கிய ஹீட்டர் வயர்

சால்டரிங் அயர்னை அழகியநம்பியின் கையில் கொடுத்தது உமாசங்கர்தான். அந்த ஒரு காரியத்தில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. நம்பி உமாசங்கரின் மனைவி சுஜாவின் தம்பி. பழவங்காடியில் ஓமனா என்பவளின் லேபில் பல் செட் செய்கிறவன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கை ஒடிந்து, ஆபரேஷன் ஆகி, அக்கா வீட்டில் தங்கியிருந்ததில் எலும்பு கூடிவிட்டது. தைரியம்தான் கூடவில்லை. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு முன்னால் கை சொன்னபடி கேட்கிறதா என்று பார்க்க நுணுக்கமாக ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

உமாசங்கருக்குக் கழக்கூட்டத்தில் ஐடி உத்தியோகம். வலியசாலை வீட்டு மாடியில் பழைய வால்வுகளை வைத்து ஒரு பவர் சப்ளை பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். வால்வு என்றால் கண்ணாடிக் குழாய். உள்ளே ஹீட்டர் என்று ஒரு கம்பி சிவக்கச் சூடானால்தான் அது வேலையே செய்யும். அந்த ஹீட்டர்களுக்கு வயர் இழுக்கும் வேலையை நம்பியிடம் விட்டான்.

அடடா, என்ன வேலை! இரண்டு பச்சை வயர்களை முறுக்கி, பெட்டியின் ஓரத்தோடு ஒட்டி, சடை பின்னியது போல் கொண்டுபோயிருந்தான் நம்பி.

"அத்தான், சர்க்யூட் படத்துல பெரிய வால்வோட ஹீட்டருக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர்லா போட்டிருக்கு?" என்று கேட்டான்.

ஆர்டர் போட்ட அந்த டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் வந்துசேரவில்லை. உமாசங்கருக்கோ பொறுமை இல்லை. "அதெல்லாம் வேண்டாம்டே, எல்லா ஹீட்டரையும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்லயே குடு" என்றான்.

பெரிய வால்வில் ஹீட்டரை மூடியிருக்கும் குழலில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறும். ஹீட்டரை மற்றவற்றோடு சேர்த்து எர்த்தில் கட்டிவைத்தால், நடுவில் கரண்ட்டைத் தடுக்கும் மெல்லிய பூச்சு எவ்வளவு தாங்கும்? இது தெரியாதவனா உமாசங்கர்? கொஞ்ச நேரம் தாங்கிவிடாதா என்று ஒரு நப்பாசை.

தாங்கவில்லை. சுவிட்சைப் போட்டு, நம்பி வோல்ட் கூட்டும் குமிழைத் திருப்பத் திருப்ப மீட்டர் ஏறியது. திடீரென்று பெரிய வால்வுக்குள் நீலமாய் ஒரு வெட்டு, டப்பென்று சத்தம், ஃபியூஸ் போயிற்று. நம்பிக்கு முகம் வெளிறிவிட்டது.

"என் சால்டரிங்தானா அத்தான்?"

பாவி மனுஷன், அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எங்கயாவது ஈயம் வழிஞ்சு ரெண்டு வயர் ஒட்டியிருக்கும். விடுடே, போகப் போக கை பழகிரும்" என்று வாய் கூசாமல் சொன்னான். மச்சினன் முன்னால் முட்டாளாக நிற்கக் கூடாதாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுஜா தம்பியின் கையை மடியில் வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உமாசங்கர் வாசல்வரை வந்து பார்த்தான். சொல்லித் தொலை, சொல்லித் தொலை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிப் போனான்.

திங்கட்கிழமை காலையில் நம்பி லுங்கியோடு உட்கார்ந்திருந்தான்.

"லேபுக்குப் போகலையாடே?"

"இனி வரல்லன்னு ஓமனா சேச்சிட்ட நேத்தே போன்ல விளிச்சுச் சொல்லிட்டேன் அத்தான். ஒரு வயரை ஒட்டத் தெரியாத கை, மனுசன் வாய்க்குள்ள வைக்கிற சாமானைச் செய்யுமா?"

உமாசங்கர் அவன் எதிரில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அப்போ என் வேலையில தப்பு இல்ல?"

"ஒரு பொட்டுத் தப்பு இல்லடே. கெடுத்தது நான்."

நாலு வார்த்தை திட்டுவான் என்று உமாசங்கர் காத்திருந்தான். நம்பி எழுந்து பேண்டை மாட்டினான். "வாங்க. இதைச் சேச்சிட்ட வந்து சொல்லுங்க" என்றான்.

லேப் முதலாளி ஓமனா முழுவதையும் கேட்டாள். "இது ஞான் நேத்தே அறிஞ்சிருந்தா போதுமாயிருந்ததல்லோ, சாரே" என்றாள் உமாசங்கரிடம். உள்ளே நம்பியின் நாற்காலியில் வேறொருவன் குனிந்து ஒரு பல்லை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். அன்று காலையில்தான் சேர்த்த ஆள். வந்த அன்றே போகச் சொல்ல அவளுக்கு மனமில்லை.

வெளியே வந்ததும் நம்பி எதிர்த்தெருவைப் பார்த்தான். "அங்க இன்னொரு லேப் உண்டு. கேட்டுப் பாக்கேன்."

"நானும் வாறேன். நடந்ததை நானே சொல்லுதேன்."

"வேண்டாம்" என்றான் நம்பி. "நீங்க பக்கத்துல நின்னா எனக்குக் கை நடுங்கும்."